அத்தியாயம் 9: பூஸ்டர் ஊசி – போடும் முன், போடும் நாள், போட்ட பின்

மாற்றுச் சிறுநீரகமோ, கல்லீரலோ, இதயமோ, நுரையீரலோ பெற்ற ஒருவர் கோவிட் பூஸ்டர் ஊசி போட்டுக்கொள்வதும் பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொள்வதும் ஒன்றல்ல. முதல் வித்தியாசம், அதே ஊசி உங்கள் உடம்பில் குறைவாகத்தான் வேலை செய்யும். இரண்டாவது, ஊசியின் பெயரால் நீங்கள் மாத்திரையில் கை வைத்தால் உறுப்பே போய்விடலாம்.

உறுப்பு மாற்றுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: மாத்திரையை நிறுத்தாமல் ஊசி போடுங்கள், ஊசி போட்ட பிறகும் எச்சரிக்கையைக் கைவிடாதீர்கள். அதை வீட்டில் எப்படி வரிசையாகச் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

இதைப் படித்துவிட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். கடைசி முடிவு அவருடையது. கேட்க வேண்டியதைத் தெரிந்துகொண்டு போவது உங்கள் வேலை.

## தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு மட்டும்

### ஊசி ஏன் குறைவாக வேலை செய்கிறது?

வந்து சேர்ந்த உறுப்பை உங்கள் வெள்ளணுக்கள் தாக்காமல் இருக்கத்தான் டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், ஸ்டீராய்டு எல்லாம். ஊசி பலிக்க வேண்டுமானால் அதே வெள்ளணுக்கள் விழித்து, பெருகி, ஆன்டிபாடி செய்ய வேண்டும். அவை பெருகுவதையே மைகோஃபினோலேட் தடுக்கிறது. உறுப்பைக் காக்கிற குணமே ஊசியின் பலனையும் குறைக்கிறது.

### எவ்வளவு குறைவு?

உறுப்பு மாற்றுக்காரர்களிடம் நடந்த மூன்று ஆய்வுகளின் எண்களை மட்டும் பார்ப்போம்.

- இரண்டு தவணைக்குப் பிறகு: அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2021-இல் 658 பேரைப் பரிசோதித்தார்கள். முதல் தவணைக்குப் பிறகு 15 சதவீதம் பேருக்கும், இரண்டாவதற்குப் பிறகு மொத்தம் 54 சதவீதம் பேருக்கும் ஆன்டிபாடி தென்பட்டது. மைகோஃபினோலேட், அசாதியோபிரின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களைத் தனியாகப் பிரித்தால் 43 சதவீதம்; சாப்பிடாதவர்களில் 82 சதவீதம்.
- மூன்றாவது தவணைக்குப் பிறகு: பிரான்சின் துலூஸ் நகரில் 101 பேர். மூன்றாவது ஊசிக்கு முன் 40 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. நான்கு வாரம் கழித்து 68 சதவீதம். இரண்டு ஊசியிலும் ஒன்றும் வராத 59 பேரில் 26 பேருக்கு மூன்றாவதில் வந்தது.
- உண்மை ஊசியும் வெற்று ஊசியும்: கனடாவின் டொரோண்டோவில் 120 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மூன்றாவது தவணையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். ஆய்வாளர்கள் குறித்துவைத்த ஆன்டிபாடி அளவை எட்டியவர்கள் முதல் அணியில் 55 சதவீதம், இரண்டாவதில் 18 சதவீதம்.

இரண்டு ஊசி போட்டும் ஒன்றும் வரவில்லை என்பதற்காக அடுத்ததை விடக்கூடாது. அதே சமயம், மூன்றாவது போட்ட பிறகும் மூன்றில் ஒருவருக்கு ஆன்டிபாடி வரவில்லை. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இந்த மூன்று ஆய்வுகளும் எம்ஆர்என்ஏ வகை ஊசிகளை வைத்து நடந்தவை. இந்தியாவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். அதனால் இந்தச் சதவீதங்களை அப்படியே நம் கணக்கில் போட முடியாது. தவணை கூடக்கூடப் பலன் கூடுகிறது, மைகோஃபினோலேட் அதைக் குறைக்கிறது என்ற போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

### பிறகு ஏன் போட வேண்டும்?

ஊசி வருவதற்கு முன், 2020-இல், கோவிடோடு மருத்துவமனையில் சேர்ந்த உறுப்பு மாற்றுக்காரர்கள் 376 பேரை அமெரிக்க மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு கவனித்தது. 28 நாளுக்குள் 77 பேர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவர். இன்றைய கிருமியும் இன்றைய சிகிச்சையும் வேறு. ஆனாலும் உங்களுக்குக் கோவிட் சாதாரணச் சளியாகவே வந்துபோகும் என்று யாரும் உறுதி தர முடியாது. குறைவாக வேலை செய்யும் ஊசியும் கடுமையான நோயைத் தடுக்க உதவுகிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி தெரியாத சிலருக்கும் டி-செல் என்ற வெள்ளணுக்களில் ஓரளவு பாதுகாப்பு உருவாகிறது.

## உங்கள் நிலை எது? சுய சோதனை

கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்துவதைப் பென்சிலால் குறியுங்கள்.

- உறுப்பு மாற்று நடந்து ஓர் ஆண்டுக்குள்
- மைகோஃபினோலேட் அல்லது அசாதியோபிரின் சாப்பிடுகிறேன்
- பெலாட்டசெப்ட் ஊசி மாதாமாதம் போடுகிறேன்
- கடந்த ஓராண்டில் ரிட்டுக்ஸிமாப் அல்லது ஏடிஜி கொடுத்தார்கள்
- வயது 60-க்கு மேல்
- சர்க்கரை நோய் உண்டு
- மாற்று நுரையீரல் (கல்லீரல் பெற்றவர்களுக்குப் பொதுவாகப் பலன் கூடுதல், நுரையீரல் பெற்றவர்களுக்குக் குறைவு)

குறி கூடக்கூட ஊசியை நம்பும் அளவைக் குறைத்து, முகக்கவசம், வீட்டார் ஊசி, முதல் நாளே பரிசோதனை ஆகியவற்றை நம்பும் அளவைக் கூட்டுங்கள். குறி அதிகம் என்பதால் ஊசியே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள்.

## போடும் முன்: ஐந்து படிகள்

படி 1. ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். உறுப்பு மாற்று நடந்த தேதி, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் அளவோடு, இதுவரை போட்ட கோவிட் ஊசிகளின் பெயரும் தேதியும், கோவிட் வந்திருந்தால் அந்த மாதம், கடைசி கிரியாட்டினின் அல்லது கல்லீரல் பரிசோதனை எண், கடைசி டாக்ரோ லெவல் (ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு), மருந்து ஒவ்வாமை. ஊசிச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பதிவு செய்த கைபேசி எண்ணை வைத்துக் கோவின் தளத்தில் தேடிப் பாருங்கள்.

படி 2. காலத்தைச் சரிபாருங்கள்.

- *மாற்று உறுப்புக்காக டிரான்ஸ்டான் (தமிழக உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் காத்திருக்கிறீர்களா?* இப்போதே போடுங்கள். அறுவைக்கு இரண்டு வாரமாவது முன்பு ஊசி முடிந்திருந்தால் நல்லது. ஆனால் ஊசிக்காக, வந்த உறுப்பை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.
- *உறுப்பு மாற்று முடிந்துவிட்டதா?* பெரும்பாலான மையங்கள் 1 முதல் 3 மாதம் வரை பொறுக்கச் சொல்லும். ஏடிஜி, ரிட்டுக்ஸிமாப் கொடுத்திருந்தால் இன்னும் நீளும்.
- *ரிஜக்‌ஷனுக்கு, அதாவது உடம்பு மாற்று உறுப்பை ஏற்க மறுப்பதற்கு, சிகிச்சை நடக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா?* அது அடங்கட்டும்.
- *அண்மையில் கோவிட் வந்து போனதா?* முழுதாகக் குணமாகி எத்தனை வாரம் கழித்துப் போடலாம் என்று கேளுங்கள்.
- *கடைசி ஊசி போட்டு ஆறு மாதம் தாண்டிவிட்டதா?* எதிர்ப்புத் திறன் குறைந்தவர்களுக்கு 6 அல்லது 12 மாதத்தில் அடுத்த தவணை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சில் பரிந்துரைத்தது. உங்களுக்கு எது என்பதை டாக்டர் சொல்வார்.

படி 3. டாக்டரிடம் ஐந்து கேள்வி. ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடம்தான். தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. என் கணக்கில் இது எத்தனையாவது தவணை?
2. இப்போது கிடைப்பதில் எனக்கு எந்த ஊசி பொருந்தும்?
3. என் மாத்திரையில் ஏதாவது மாற்றம் உண்டா, அப்படியே தொடரவா?
4. ஊசிக்குப் பிறகு எந்த நாளில் ரத்தப் பரிசோதனை?
5. ஊசி போட்டும் கோவிட் வந்தால் யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது?

முதல் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. அமெரிக்கா 2021 ஆகஸ்டு 12 அன்று உறுப்பு மாற்றுக்காரர்களுக்கு மூன்றாவது தவணையை அனுமதித்தது. பிரான்ஸ் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. அங்கே அப்போது மூன்று தவணையும் சேர்ந்துதான் உறுப்பு மாற்றுக்காரர்களுக்கு அடிப்படையாக இருந்தது, பூஸ்டர் அதற்கு மேல். இந்தியாவில் 2022 ஜனவரி 10 முதல் ‘முன்னெச்சரிக்கை தவணை’ என்ற பெயரில் மூன்றாவது போடப்பட்டது. ‘நான் பூஸ்டர் போட்டாச்சு’ என்று நீங்கள் சொல்வது, அந்தக் கணக்கில் அடிப்படையை முடித்தது மட்டுமாக இருக்கலாம். அதனால் எண்ணிக்கையைத் தேதியோடு சொல்லுங்கள்.

படி 4. இருப்பை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 2021-இல் இருந்ததுபோல் இப்போது தெருவுக்குத் தெரு முகாம் இல்லை. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆள் சேரும் நாளில்தான் திறப்பார்கள். எந்த ஊசி, எந்த நாள், எத்தனை மணி, காலாவதித் தேதி என்ன என்று தொலைபேசியிலேயே கேளுங்கள்.

படி 5. ஊசிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. வழக்கமான மாதப் பரிசோதனையை ஊசிக்கு முந்தைய வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கிரியாட்டினின் ஏறினால், அது ஊசிக்கு முன்பே ஏறியிருந்ததா, பிறகு ஏறியதா என்று பிரித்துப் பார்க்க இந்த எண் வேண்டும்.

> குறிப்பு: டாக்ரோ லெவலுக்கு ரத்தம் கொடுக்கும் காலையில் டாக்ரோலிமஸ் சாப்பிடாமல் போங்கள். மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த உடனே போட்டுக்கொள்ளுங்கள். முதலிலேயே சாப்பிட்டுவிட்டால் எண் ஏறித் தெரியும். அதை நம்பி அளவைக் குறைத்துவிட்டால் ஆபத்து.

## போடும் நாள்

1. காலை மாத்திரைகளை வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். சாப்பாட்டையும் விடாதீர்கள். வெறும் வயிற்றில் வரிசையில் நின்று மயங்கிவிட்டு, ஊசியால் மயக்கம் என்று பயந்தவர்கள் உண்டு.
2. தளர்வான கைச் சட்டை போடுங்கள். முகக்கவசம் கழற்றாதீர்கள், ஊசி போடும் அறையிலும் இருமுகிறவர்கள் வரலாம்.
3. நர்ஸிடம் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: “எனக்கு உறுப்பு மாற்று ஆகியிருக்கு, எதிர்ப்பு சக்தி குறைக்கிற மாத்திரை சாப்பிடுறேன்.” எழுதிய பக்கத்தைக் காட்டுங்கள்.
4. பழைய டயாலிசிஸ் ஃபிஸ்டுலா இருக்கும் கையில் போட வேண்டாம் என்று கேளுங்கள்.
5. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.
6. அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அந்த இடத்திலேயே கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். தனியாகக் கழிப்பறைக்குப் போகாதீர்கள்.
7. ஊசியின் பெயர், தொகுதி எண், தேதி மூன்றையும் ஃபைலில் எழுதிவிட்டுத்தான் எழுந்திருங்கள்.

## போட்ட பின்

### முதல் மூன்று நாள்

கை வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல், சோர்வு எல்லாம் எல்லோருக்கும் வருவதுதான். உங்களுக்கு அது வரவில்லை என்றாலும் ஊசி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

- வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில். கல்லீரல் பெற்றவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
- டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் கூடவே கூடாது. டாக்ரோலிமஸோடு சேர்ந்து இவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்துக் கடையில் ‘உடம்பு வலிக்குக் கொடுங்க’ என்றால் கலவை மாத்திரை கைக்கு வரும். அட்டையில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று படியுங்கள்.
- காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்துக் குறியுங்கள். தண்ணீர், உங்களுக்கு அனுமதித்த அளவு முழுக்கக் குடியுங்கள்.
- வாந்தி எடுத்து மாத்திரை வெளியே வந்துவிட்டால் நீங்களாக இன்னொன்று போடாமல் மையத்தைக் கூப்பிடுங்கள்.

### எப்போது உடனே கூப்பிட வேண்டும்?

- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், அல்லது குளிர் நடுக்கத்தோடு வந்தால். ‘ஊசிக் காய்ச்சல்தான்’ என்று காத்திருந்து, கடைசியில் சிறுநீர்த் தொற்றாக முடிந்தவர்கள் உண்டு.
- சிறுநீர் குறைவது, மாற்று உறுப்பு உள்ள இடத்தில் வலி, கால் வீக்கம், ஓரிரு நாளில் எடை கூடுவது.
- கண் மஞ்சள், கறுத்த சிறுநீர் (கல்லீரல் பெற்றவர்கள்).
- நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சிரைப்பு.
- கோவிஷீல்டு போட்ட சில வாரத்துக்குள் விடாத கடும் தலைவலி, பார்வை மங்கல், ஒரு கால் மட்டும் வீங்குவது. அரிது; ஆனாலும் அலட்சியம் கூடாது.

### அடுத்த ஒரு மாதம்

ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. குறைந்தது இரண்டு வாரம் கல்யாணம், கோயில் திருவிழா, நெரிசல் பேருந்து எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். டாக்டர் சொன்ன நாளில் கிரியாட்டினின் அல்லது கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். ஊசி ரிஜக்‌ஷனைக் கிளப்பிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் தொடக்க கால மூன்றாம் தவணை ஆய்வில் 30 பேரில் இதயம் பெற்ற ஒருவருக்கு லேசான ரிஜக்‌ஷன் வந்தது. பிறகு ஏராளமானோர் போட்டுக்கொண்டும் ஊசியால் ரிஜக்‌ஷன் பெருகியதாகத் தெரியவில்லை. பரிசோதனை நாளைத் தவறவிடாமல் இருந்தால் அந்தச் சிறு வாய்ப்பும் முன்னதாகவே கண்ணில் படும்.

## அடிக்கடி நடக்கும் ஆறு தவறுகள்

தவறு 1: ஊசி நன்றாக வேலை செய்யட்டும் என்று மாத்திரையை நிறுத்துவது.

இதை நான் நேரில் பார்த்தேன். இரவுப் பேருந்தில் வந்த ஒருவர், ஓ.பி. மேசையில் மாத்திரைப் பையைக் கவிழ்த்தார். டாக்ரோலிமஸ் அட்டைகள் ஒழுங்காகக் காலியாகியிருந்தன. மைகோஃபினோலேட் அட்டைகள் மட்டும் பிரிக்காமல் ரப்பர் பேண்டு போட்டபடி இருந்தன. “ஊசிக்கு முன்னாடி இதை நிறுத்தினா ஆன்டிபாடி நல்லா வரும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு மேடம். நல்லதுக்குத்தானே செஞ்சேன்” என்றார். அவருடைய கிரியாட்டினின் 1.3-இலிருந்து 2.4 ஆகியிருந்தது. பயாப்ஸி, மூன்று நாள் ஸ்டீராய்டு ட்ரிப் எல்லாம் முடிந்து 1.7-இல் நின்றது. பழைய 1.3 திரும்பி வரவேயில்லை.

வாட்ஸ்அப் செய்திக்கு ஒரு விதை இருந்தது. சில ஆய்வுகள் மருத்துவர் மேற்பார்வையில் மைகோஃபினோலேட்டைச் சில நாள் நிறுத்திப் பார்த்தன. நெதர்லாந்தில், சிறுநீரகம் பெற்றவர்களிடம் ஊசிக்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் நிறுத்திச் செய்த ஒப்பீட்டு ஆய்வில் தெளிவான பலன் ஏதும் கிடைக்கவில்லை. ஆய்வில் இருந்தவர்களுக்குக் கண்காணிப்பு இருந்தது. உங்கள் வீட்டு மேசையில் அது இல்லை. ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாக விடாதீர்கள்.

தவறு 2: ஆன்டிபாடி எண்ணை வைத்து வாழ்க்கையை முடிவு செய்வது. அடுத்த பகுதியில் விவரமாக.

தவறு 3: ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ பொடியையும் லேகியத்தையும் பூஸ்டர் ஊசியோடு குழப்பிக்கொள்வது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லி விற்கும் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் அதற்கு நேர் எதிரான வேலைக்குத் தரப்பட்டவை. சீந்தில் எடுத்துக்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். பம்பளிமாஸ் பழமும் டாக்ரோ லெவலை ஏற்றக்கூடும்.

தவறு 4: நான் போட்டாச்சு, வீட்டில் மற்றவர்களுக்கு எதற்கு என்று விடுவது. உங்களுக்குக் கோவிட் பெரும்பாலும் உங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் வரும். அவர்களின் உடம்பில் ஊசி உங்களைவிட நன்றாக வேலை செய்யும்.

தவறு 5: ‘ஊசி’ என்றாலே ஒன்று என்று நினைப்பது. தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசிகளில் உயிருள்ள கிருமி உண்டு; உறுப்பு மாற்றுக்காரர்களுக்கு அவை பொதுவாக ஆகாது. கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் உடம்பில் பெருகும் கிருமி இல்லை. ஃப்ளூ, நிமோனியா ஊசிகளும் உங்களுக்கு உகந்தவையே. எப்போது என்று கேட்டுப் போடுங்கள்.

தவறு 6: காய்ச்சல் வந்தும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. “பூஸ்டர் போட்டிருக்கேனே, கோவிடா இருக்காது” என்று கழிக்கும் இரண்டு நாள்தான் மருந்து நன்றாக வேலை செய்யும் நாள்.

## ஆன்டிபாடி சோதனை: எடுக்கலாமா?

ஊசி வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை வருவது இயல்பு. ஆனால் இத்தனை எண்ணுக்கு மேல் போனால் நீங்கள் பாதுகாப்பு என்ற கோடு எதுவும் இல்லை. கிருமி உருமாறிக்கொண்டே இருக்கிறது. பழைய உருவத்துக்கு எதிரான எண் புதிய உருவத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதனால் இந்தச் சோதனையை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்பதே உறுப்பு மாற்று மருத்துவர் அமைப்புகளின் நிலை.

டாக்டர் ஏதாவது காரணத்துக்காக எழுதிக் கொடுத்தால், அறிக்கையை இப்படிப் படியுங்கள்.

1. எந்த ஆன்டிபாடி? ‘ஸ்பைக்’ அல்லது ‘ஆர்பிடி’ என்றால் ஊசியாலும் வரலாம், நோயாலும் வரலாம். ‘நியூக்ளியோகாப்சிட்’ என்றால் பெரும்பாலும் முன்பு கோவிட் வந்து போனதைக் காட்டும். கோவாக்சின் முழுக் கிருமியைக் கொன்று செய்தது என்பதால், அதைப் போட்டவர்களுக்கு ஊசியாலும் இது வரலாம்.
2. ‘ரியாக்டிவ்’ என்றால் நோய் இல்லை. ஒரு பெண் இந்த ஒரு சொல்லைப் பார்த்துக் குழந்தையை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்று நாள் அறைக்குள் அடைந்து கிடந்தார். அது ஆன்டிபாடி இருக்கிறது என்ற நல்ல செய்தி.
3. பெரிய எண் வந்தால் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.
4. எண்ணே வராவிட்டால் உடைந்து போகாதீர்கள். அடுத்த தவணை எப்போது என்று கேளுங்கள்.

## வீட்டைச் சுற்றி ஒரு வேலி

1. வீட்டில் ஊசி போடும் வயதுள்ள எல்லோரின் தவணைத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, விடுபட்டதை முடிக்கச் சொல்லுங்கள்.
2. சமையல் செய்பவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, வண்டி ஓட்டுபவர், அடிக்கடி வரும் உறவினர் எல்லோருக்கும் ஒரே விதி: சளி இருந்தால் வராதீர்கள், அல்லது வேறு அறையில் இருங்கள்.
3. மருத்துவமனை, பேருந்து, ரயில், மண்டபம் ஆகிய நான்கு இடங்களிலும் உங்களுக்கு என்-95. மூக்கின் மேல் கம்பியை அழுத்துங்கள். தாடைக்குக் கீழே இறக்கிய முகக்கவசம் கழுத்துக்குத்தான் காவல்.
4. விருந்தினர் வந்தால் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போடுங்கள். பேச்சைத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.
5. உறவினரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், “டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்” என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும்தான்.

## ஊசி போட்டும் கோவிட் வந்தால்

1. முதல் நாளே சோதியுங்கள். தொண்டை வலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எது வந்தாலும் வீட்டுச் சோதனைப் பெட்டி அல்லது ஆர்டி-பிசிஆர். வீட்டுச் சோதனையில் இல்லை என்று வந்தும் அறிகுறி தொடர்ந்தால் ஆர்டி-பிசிஆர் செய்யுங்கள்.
2. அன்றே உங்கள் உறுப்பு மாற்று மையத்தைக் கூப்பிடுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் காட்டினாலும், மருந்தை வாயில் போடும் முன் மையத்திடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.
3. பேக்ஸ்லோவிட் வகை மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். அதில் உள்ள ரிடோனாவிர், கல்லீரல் டாக்ரோலிமஸை உடைப்பதைத் தடுத்துவிடும். டாக்ரோ லெவல் பல மடங்கு ஏறி, கை நடுக்கம் தொடங்கிச் சிறுநீரகம் அடிபடும். சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ், எவரோலிமஸுக்கும் இதே எச்சரிக்கை. டாக்டர் டாக்ரோலிமஸை நிறுத்தி, லெவல் பார்த்துத் திரும்பத் தொடங்கத் திட்டம் தந்தால் மட்டுமே அதைச் சாப்பிடலாம்.
4. வேறு வழிகள் உண்டு. மூன்று நாள் ட்ரிப்பில் ஏறும் ரெம்டெசிவிர் டாக்ரோலிமஸோடு அப்படி மோதுவதில்லை. ஆனால் அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்குள் தொடங்க வேண்டும். தாமதம் கூடாது என்று சொல்வது இதனால்தான்.
5. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்குகளும் டாக்ரோ லெவலை ஏற்றும். இருமலுக்கு யாராவது எழுதிக் கொடுத்தால் கேளுங்கள்.
6. வயிற்றுப்போக்கு வந்தால் லெவல் கேளுங்கள். வயிற்றுப்போக்கில் மருந்து குறையும் என்று நினைப்போம். டாக்ரோலிமஸ் அப்போது பெரும்பாலும் ஏறும்.
7. மைகோஃபினோலேட்டைக் குறைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். குறைத்தால், எந்தத் தேதியில் பழைய அளவுக்குத் திரும்புவது என்பதையும் எழுதி வாங்குங்கள்.
8. ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே போனால், மூச்சிரைத்தால், குழப்பமாகப் பேசினால் 108-ஐ அழையுங்கள்.

## இன்றே செய்ய வேண்டியது

ஓர் அட்டையை எடுத்து, இந்த ஆறு வரியை எழுதி, மாத்திரைப் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டுங்கள்.

1. கடைசி கோவிட் ஊசி: பெயர், தேதி, எத்தனையாவது.
2. அடுத்தது கேட்க வேண்டிய மாதம்.
3. மையத்தின் எண்; இரவு எண்.
4. பாராசிட்டமால் சரி. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கூடாது.
5. கோவிட் மருந்து எதுவானாலும் மையத்தைக் கேட்டு.
6. எந்த மாத்திரையையும் நானாக நிறுத்த மாட்டேன்.

நான்காவது, ஐந்தாவது வரிகளை வீட்டில் இன்னொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். காய்ச்சலில் நீங்கள் படுத்திருக்கும்போது மருந்துக் கடைக்கு ஓடுவது அவர்தான். மேசையில் ரப்பர் பேண்டு போட்ட அட்டைகளை வைத்தாரே, அவர் இப்போதும் ஓ.பி.க்கு வருகிறார். அவருடைய பெட்டி மூடியில் இந்த அட்டை இருக்கிறது. ஆறாவது வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.